புத்தூர்க் கிணறுகளும் நான் எழுதிய நம்பர்களும்

1. ஒரு கந்தோர், ஒரு மீற்றர்

எண்பத்து நான்காம் ஆண்டு தை மாதம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கந்தோரில் நிலத்தடி நீரைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்த ஒரே பொருள் ஒரு மின்கடத்து மீற்றர். அதற்கும் பற்றரி இல்லை. அலுமாரிக்குள் துணி சுற்றி, பூட்டுப் போட்டு, மிகுந்த மரியாதையோடு வைத்திருந்தார்கள்.

என் பதவியின் பெயர் களத் தொழில்நுட்ப உதவியாளர். நியமனக் கடிதத்தில் அதைப் பார்த்துவிட்டு உடுவிலில் எங்கள் ஒழுங்கை முழுக்க நான் ஏதோ பெரிய இடத்துக்குப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். வேலை என்னவென்றால், சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எடுத்து, அதில் மீற்றரின் கோலை வைத்து, காட்டுகிற நம்பரை எழுதிக்கொண்டு வருவது. உப்புக் கூடினால் நம்பர் கூடும். ஆயிரத்துக்குக் கீழே என்றால் நல்ல தண்ணீர். இரண்டாயிரத்தைத் தாண்டினால் வெங்காயம் நுனி கருகும். இதற்கு மேல் அந்த வேலையில் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் இஞ்சினியர் ஐயா என்போம். பெரிய ஆறுகளுக்கு அணை கட்டுகிற படிப்புப் படித்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீட்டை இழந்து, மனைவியோடும் ஒரு பையோடும் கப்பலில் வந்து இறங்கியவரை, ஆறு என்று ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாட்டுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்:

“பிள்ளை, நாங்கள் அளக்கிற ஆக்கள். நம்பரை எழுதுறதுதான் எங்கடை வேலை. ஏன் அந்த நம்பர் வந்தது எண்டு எழுதுறதுக்கு வேறை கந்தோர் இருக்கு.”

“அது எங்கை ஐயா இருக்கு?”

“கொழும்பிலை இருக்கோணும்” என்றார்.

வேலையில் இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் தங்கம் இல்லை, இரத்தினம் இல்லை, எண்ணெய்க் கிணறும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த புதையல், சுண்ணாம்புக் கல்லின் ஓட்டைகளில் தங்கி நிற்கிற மழைத் தண்ணீர். அந்த நல்ல தண்ணீருக்கு அடியிலும் சுற்றிலும் கடல் தண்ணீர். பாலின் மேல் ஆடை படிந்த மாதிரி நல்லது மேலே மிதக்கிறது. மெல்ல எடுத்தால் அடுத்த மாரியில் மழை அதை நிரப்பிவிடும். அவசரப்பட்டு அள்ளினால் ஆடை கிழியும், உப்பு உள்ளே வரும். வளம் கிடைத்த ஏழை நாடுகள் அந்த வளத்தாலேயே எப்படி இரண்டாகப் பிரிந்தன என்று பிற்காலத்தில் தடித்த புத்தகங்களில் வாசித்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் புதிதாய்த் தெரியவில்லை. புத்தூருக்குக் கிழக்கே ஒரு சின்னக் குறிச்சியில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

2. சாராயப் போத்தல்

அடுத்த வருடம் பங்குனியில் ஒருவர் கந்தோருக்கு ஒரு சாராயப் போத்தலோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, போத்தலைப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் பியோன் சாதாரணமாக வருகிறவர்களை வாசலிலேயே ஒரு மணித்தியாலம் நிறுத்துகிறவர். அன்றைக்குப் போத்தலைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டு, “இருங்கோ, இருங்கோ” என்று உள்ளே கூட்டி வந்தார்.

வந்தவர் பேப்பரைப் பிரித்து என் மேசையில் வைத்தார்.

“தண்ணி, மிஸ்.”

“எந்தத் தண்ணி?” என்று பியோன்தான் முந்திக்கொண்டு கேட்டார்.

“என்ரை தோட்டக் கிணத்துத் தண்ணி.”

பியோன் கதிரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் பெயர் சின்னராசா. குத்தகைக்கு ஆறு பரப்புத் தோட்டம் செய்கிறவர். வெங்காயம் வைத்திருந்தார். “நுனி கருகுது, மிஸ். மருந்தடிச்சுப் பாத்தன், எருப் போட்டுப் பாத்தன். பூமணி சொல்லுறாள், எல்லாம் விட்டிட்டுத் தண்ணியைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி.”

“பூமணி ஆர்?”

“பெஞ்சாதி. அவளுக்கு உந்த மெசின் ஒண்டும் தேவையில்லை. நாக்கிலை ஒரு சொட்டு விட்டால் சொல்லிப்போடுவாள்.”

பற்றரி அந்த நேரம் எங்களிடம் இருந்தது. கோலை வைத்தேன். இரண்டாயிரத்து நூறு. பூமணி சொன்னது சரி.

3. வேலிக்கு அந்தப் பக்கம்

மறுநாள் சைக்கிளில் போனேன். சின்னராசா அண்ணையின் தோட்டம் கடல்நீரேரிப் பக்கம் சாய்ந்த காணி. பாத்தி பாத்தியாக வெங்காயம் மஞ்சள் பூத்து நின்றது. பூமணி அக்கா கேத்திலைக் கொண்டுவந்து உள்ளே காட்டினா. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் படை.

“முந்தி இந்தத் தண்ணியிலை பருப்பு அவியும், பிள்ளை. இப்ப ஒரு பின்னேரம் முழுக்க எரிச்சாலும் பருப்புப் பருப்பாய்த்தான் கிடக்கு.”

“எப்ப தொடக்கம்?”

அவ வேலிக்கு அந்தப் பக்கம் தாடையால் காட்டினா. “உங்கை வெடி வைச்ச பிறகு.”

கிளுவை வேலிக்கு அப்பால் மேட்டுக் காணி. அது அம்பலவாணர் முதலாளியுடையது. சின்னராசா அண்ணை குத்தகைக்குச் செய்த ஆறு பரப்பும் அவருடையதுதான். போன வருடம் தன் கிணற்றை வெடி வைத்து ஆழமாக்கி, தண்ணீர் இறைக்க இரண்டு மண்ணெண்ணெய் மெசின் பூட்டியிருந்தார். விடிய ஐந்து மணிக்கு உறுமத் தொடங்கினால் மத்தியானம் வரை நிற்காது. அவரது புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போக மிச்சத்தை ட்ரக்டரில் பவுசர்த் தாங்கி பூட்டிக் கலியாண வீடுகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் விற்றார். அந்தக் கிணற்றில் யார் வாளி போடலாம், யார் போடக் கூடாது என்பதற்கு ஊரில் சாதியை வைத்து ஒரு சட்டம் இருந்தது. சின்னராசா அண்ணையும் பூமணி அக்காவும் போடக் கூடாதவர்கள். எங்கள் படிவத்தில் கிணற்றின் ஆழம், விட்டம், நீர்மட்டம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இதற்குக் கட்டம் இருக்கவில்லை.

முதலாளி நல்ல மனிதர். அதாவது, வீட்டுக்கு வந்த எனக்குச் செவ்விளநீர் வெட்டித் தந்தார். அவர் கிணற்றை அளந்தேன். அறுநூற்று ஐம்பது. குடாநாட்டிலேயே அப்படித் தண்ணீர் கிடைப்பது அரிது.

“ஐயா, நீங்கள் கூட இறைக்கிறதாலைதான் பக்கத்துக் கிணத்துக்கு உப்பு வருது எண்டு நினைக்கிறன்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “பிள்ளை, என்ரை காணிக்குக் கீழை இருக்கிற தண்ணி என்ரைதானே?”

“கீழை வேலி இல்லை, ஐயா. உங்கடை மெசின் எல்லாற்றை காணிக்குக் கீழை இருந்தும் இழுக்கும்.”

“அப்பிடியோ?” என்று உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். “அப்ப குறையாது எண்டு சொல்லுங்கோ.”

நான் இளநீர்க் கோம்பையைக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்தார். “சின்னராசாவை நினைச்சால் பாவமாய்த்தான் இருக்கு. தண்ணி சரியில்லாத காணிக்கு முழுக் குத்தகை வாங்கக் கூடாது. பாதியாக்கிப் போட்டன். நான் ஒருத்தற்றை வயித்திலையும் அடிக்கிறேல்லை.”

உப்பு கடல்நீரேரிப் பக்கம் இருந்து முதலாளியின் கிணற்றை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. வழியில் முதலில் சின்னராசா அண்ணையின் கிணற்றில் இறங்கி இளைப்பாறியது. முதலாளியிடம் அது போய்ச் சேர இன்னும் பல வருடம் எடுக்கும். ஆகவே அவருக்கு அவசரம் இல்லை.

4. செய்தவர் இல்லாத வினை

நாலு மாதம் அந்தக் குறிச்சியில் ஒரு கிணறு விடாமல் அளந்தேன். ஒரு வரைபடம் கீறி, கெட்ட கிணறுகளுக்குச் சிவப்புப் புள்ளியும் நல்லதற்குப் பச்சைப் புள்ளியும் வைத்தேன். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றன. றிப்போட்டின் கடைசியில், “மேட்டுப் பக்கத்திலுள்ள ஒரு கிணற்றில் இரண்டு மெசின்கள் மூலம் அளவுக்கு மீறி இறைப்பதால் அயற் கிணறுகள் உவராகின்றன” என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

இஞ்சினியர் ஐயா சிவப்புப் பேனை எடுத்து அந்த வசனத்தை வெட்டினார். மேலே, “அயற் கிணறுகள் உவராகியுள்ளன” என்று எழுதினார்.

“ஐயா, நான் எழுதினது பிழையோ?”

“பிழை எண்டு ஆர் சொன்னது?” பேனையை மூடினார். “பிள்ளை, கொழும்பிலை என்ரை வீடு எரியேக்கை ஆர் எரிச்சவை எண்டு எனக்குத் தெரியும். ஒருத்தன் எங்கடை தெருச் சந்தியிலை கடை வைச்சிருந்தவன். பொலிசிலை போய்ப் பெயர் சொல்லிக் குடுத்தன். எழுதின பிறகு வாசிச்சுக் காட்டினவங்கள். ‘வீடு எரிந்துள்ளது.’ அவ்வளவும்தான். அரசாங்கம் அப்பிடித்தான் எழுதும். எரியும், உவராகும், காணாமல் போகும். ஒருத்தரும் ஒண்டும் செய்யிறேல்லை.”

அவர் சிரித்தாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

5. மாலை மரியாதை

அந்த நேரம் ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு, உவர் நீரால் பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கப் பணம் வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட கிராமத்தைத் தேடித் திரிந்தது. வரைபடம் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். என்னுடைய சிவப்புப் புள்ளிகளைக் கண்டு அவர்களுக்கு மெத்தப் பிடித்துவிட்டது.

தண்ணீர் கொடுப்பதற்கு ஒருவர் தேவை. நிபந்தனை இரண்டு. சொந்தமாகப் பவுசர் இருக்க வேண்டும். பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறும், அதற்கு எங்கள் கந்தோரின் சான்றிதழும் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் இந்த இரண்டு தகுதியும் உள்ளவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சான்றிதழை எழுதியது நான். அறுநூற்று ஐம்பது. சரியான அளவு, சுத்தமான அளவு, ஒருவரும் குறை சொல்ல முடியாது.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு, தென்னோலைத் தோரணம் கட்டி, பவுசருக்குச் சந்தனம் பூசினார்கள். இஞ்சினியர் ஐயாவுக்கும் எனக்கும் மாலை. முதலாளி வெள்ளை வேட்டி சால்வையோடு வந்து, மக்கள் சேவையைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். பிறகு அந்த அமைப்பின் வெள்ளைக்காரர் எழும்பி, நீர் எல்லோருக்கும் பொதுவானது என்றார். ஆங்கிலத்தைத் தமிழாக்குகிற வேலை என் தலையில். கடைசியில் அவர் கேட்டார், பயனடையும் மக்களில் ஒருவர் ஏதாவது பேசுவாரா என்று.

சின்னராசா அண்ணை எழும்பினார்.

“தண்ணி தாறதுக்குப் பெரிய உபகாரம், ஐயா. ஒண்டே ஒண்டு கேக்கவேணும். உந்தப் பவுசர் எந்தக் கிணத்திலை நிரப்புறது? அந்தக் கிணத்தை இறைக்கிறதைக் கொஞ்சம் குறைச்சால் எங்கடை கிணறுகள் தன்ரை பாட்டிலை நல்லாய் வருமாம். கந்தோர் மிஸ்தான் சொன்னவ.”

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். இஞ்சினியர் ஐயாவும் பார்த்தார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அந்த வேலைக்கு இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. அப்பா வேலையில் இருந்து இளைப்பாறிவிட்டார். வீட்டில் தங்கச்சிமார் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன் என்று சொல்வது பொய். ஒன்றுமே யோசிக்கவில்லை. பயந்தேன்.

“இவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெள்ளைக்காரர் கைதட்டினார். பந்தலும் கைதட்டியது. சின்னராசா அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவ்வளவு நீளமான கேள்வி அவ்வளவு சின்ன வசனமாகச் சுருங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குந்திவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு பூமணி அக்கா பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றா. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“உவற்றை கிணத்துக் கட்டிலை எங்களைக் கால் வைக்க விடமாட்டினம். இப்ப அதே தண்ணியைப் படலையடிக்குக் கொண்டுவந்து தருகினம். காசு ஆர் குடுக்கினம், பிள்ளை?”

“வெளிநாட்டுக்காரர், அக்கா.”

“எங்கடை தண்ணி உப்பு எண்டு அவைக்கு ஆர் சொன்னது?”

“நான்தான்.”

“உவற்றை தண்ணி நல்லது எண்டு?”

“அதுவும் நான்தான்.”

“கெட்டிக்காரப் பிள்ளை” என்றா. அது பாராட்டு இல்லை என்று எனக்கு விளங்கியது.

பவுசர் நிரப்புவதற்காக முதலாளி மூன்றாவது மெசின் பூட்டினார். அதனால் இன்னும் சில கிணறுகள் கெட்டன. கடமை தவறாமல் போய் அளந்து, வரைபடத்தில் புதிய சிவப்புப் புள்ளிகள் வைத்தேன். புள்ளிகள் கூடியதால் திட்டம் விரிந்தது. திட்டம் விரிந்ததால் இரண்டாவது பவுசர் வந்தது. அதை நிரப்ப நாலாவது மெசின். மூன்று வருடத்தில் முதலாளி மாடி வீடு கட்டி முடித்தார். வீடு குடிபூரலுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நியாயம்தான். அந்த வீட்டில் ஒரு கல்லாவது என்னுடையதாக இருக்கும். நான் போகவில்லை. சளி என்று சொல்லி அனுப்பினேன்.

6. தடை

எண்பத்தேழில் சண்டை வந்து கந்தோர் பல மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது இஞ்சினியர் ஐயா மகளிடம் வெளிநாடு போய்விட்டார். அவருடைய கதிரைக்கு ஒருவரும் வரவில்லை. தொண்ணூறு ஆனியில் திரும்பச் சண்டை. இந்த முறை மின்சாரம் போனது, வெளிநாட்டு அமைப்பு போனது, கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. டீசல் இல்லை, மண்ணெண்ணெய் அளந்து அளந்து, பற்றரி அறவே இல்லை.

அரசாங்கம் ஒரே கையால் இரண்டு காரியம் செய்தது. மீற்றருக்கான பற்றரியைக் குடாநாட்டுக்குள் வர விடாமல் தடுத்தது. மாதாந்த நீர்த்தர அறிக்கை ஏன் வரவில்லை என்று என்னிடம் விளக்கமும் கேட்டது. நான் வீடு வீடாகப் பழைய டோர்ச் பற்றரிகளைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் உயிர் வந்ததும் மீற்றருக்குப் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு கிணறு அளந்தேன். அறிக்கை கப்பலேறிக் கொழும்புக்குப் போனது. அங்கே ஒருவர் அதை வாசித்திருந்தால் எனக்கு ஒரு பற்றரி அனுப்பியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாளியின் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள் அந்த வருடக் கடைசி வரை தாக்குப்பிடித்தன. பிறகு நாலு மெசினும் நின்றன. இரண்டு பவுசரையும் கிடுகு போட்டு மூடிவிட்டார். குறிச்சி இருந்தாற்போல் அமைதியானது. மெசின் சத்தம் இல்லாமல் காகம் கத்துவது கேட்டது.

சின்னராசா அண்ணை பனங்குற்றி நட்டுத் துலா கட்டினார். அவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, பூமணி அக்கா கீழே நின்று பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவா. மெசின் ஒரு மணித்தியாலத்தில் இறைப்பதை இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க இறைத்தார்கள். அவர்களுடைய முழங்காலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கிணற்றைப் பற்றி எழுதுகிறேன். ஒரு மாரி மழை போனது, நம்பர் இறங்கியது. இரண்டாவது மாரியும் போனது, இன்னும் இறங்கியது. எங்கள் கந்தோர் ஆறு வருடமாகக் கருத்தரங்கு வைத்துச் செய்ய முடியாததை, எங்களைப் பட்டினி போடவென்று கொண்டுவந்த ஒரு தடை, தான் செய்வது இன்னதென்று தெரியாமலே செய்து முடித்தது.

7. ஒரு கடுதாசி

தொண்ணூற்றிரண்டு ஆடி மாதம் முதலாளி கந்தோருக்கு வந்தார். சைக்கிளில் வந்தார். ஆள் மெலிந்திருந்தார், ஆனால் கண் மெலியவில்லை.

“பிள்ளை, ஒரு கிணத்தை அளந்து கடுதாசி தரவேணும். சின்னராசா செய்யிற காணி.”

“என்ன விஷயம், ஐயா?”

“வெளியிலை இருந்து சாமான் வாறேல்லை. வெங்காயம் என்ன விலை போகுது எண்டு பாத்தனீங்களே? அந்த ஆறு பரப்பிலை பயிர் நல்லாய் நிக்குது. தண்ணி மாறிப் போச்சோடா எண்டு கேட்டால் அவன், ‘பழையபடிதான் ஐயா கிடக்கு’ எண்டுறான். மாறியிருந்தால் காணியை எடுத்து நானே கூலிக்கு ஆள் விட்டுத் துலாவாலை செய்விக்கப் போறன். மாறாட்டில் அவனே பாதிக் குத்தகைக்குச் செய்துகொண்டு கிடக்கட்டும்.”

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன்: “ஐயா, நீங்கள் ஒரு வாய் குடிச்சுப் பாத்தால் தெரியும்தானே?”

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி முகத்தைச் சுளித்தார். “அவையள் அள்ளுற கிணத்திலையோ?”

வேறு யாரையாவது குடிக்கச் சொல்லலாமே என்று நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே, “உங்கடை நம்பர் எனக்குப் பொய் சொன்னதில்லை, பிள்ளை. உங்கடை நம்பராலைதான் நான் மேலை வந்தனான்” என்றார். அது முழு உண்மை.

அடுத்த நாள் போனேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. சின்னராசா அண்ணை துலாவால் இறங்கி, வியர்வையைத் துடைக்காமல் நின்றார். ஏழு வருடமாக என்னோடு அவர் மரியாதையாகத்தான் பேசி வந்தார். அந்தப் பந்தலைப் பற்றி ஒரு சொல் எடுத்ததில்லை. அது எனக்கு ஏச்சை விட மோசமாக இருந்தது.

கோலை வைத்தேன். எண்ணூறு.

“என்ன மிஸ் காட்டுது?”

பூமணி அக்கா பதில் தெரிந்தவ மாதிரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினா. வெயிலில் சைக்கிள் மிதித்த தாகம். ஒரே மூச்சில் குடித்தேன். நல்ல தண்ணீர், தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

“உங்கடை நாக்கு என்ன சொல்லுது, அக்கா?” என்று கேட்டேன்.

“என்ரை நாக்குச் சொல்லுறதை ஆர் எழுதுகினம், பிள்ளை? நீங்கள் எழுதுறதுதானே கணக்கு.”

கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து படிவத்தை மடியில் வைத்தேன். மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள் நான். பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் பிரம்பாலும் ஜெபத்தாலும் சொல்லித் தந்திருந்தார்கள். முதலில் 800 என்று எழுதினேன், அதுதான் பழக்கம். பிறகு அதற்கு முன்னால் ஒரு இரண்டு போட்டேன். 2800. கையொப்பம் வைத்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சின்னராசா அண்ணை எட்டிப் பார்த்தார். அவருக்கு எண் வாசிக்கத் தெரியும்.

“மிஸ், உது...”

“உப்பு, அண்ணை” என்றேன். “நல்ல உப்பு.”

முதலாளி கடுதாசியை இரண்டு தரம் வாசித்தார். “அப்ப பயிர் எப்பிடி நிக்குது?”

“மேலாலை கொஞ்சம் மழைத் தண்ணி கிடக்கு, ஐயா. அடியிலை உப்பு. ஆள் வைச்சுக் கூட இறைச்சியள் எண்டால் ஒரு போகத்திலை மேலை வந்திடும்.”

இந்தப் பகுதி விஞ்ஞானம். ஒரு சொல் பொய் இல்லை. அதைத்தான் நான் எண்பத்தைந்தில் அவருக்கு இலவசமாகச் சொன்னேன், அப்போது அவர் கேட்கவில்லை. இப்போது தனக்கே நட்டம் வரும் என்றதும் உடனே விளங்கியது. “பாவம் சின்னராசா” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

8. உறுதி

பிறகு மூன்று வருடம் சின்னராசா அண்ணையும் பூமணி அக்காவும் அந்தத் தோட்டத்தைச் செய்தார்கள். தொண்ணூற்றைந்து மாசியில் கனடாவுக்குப் போன ஒரு உறவினரின் இரண்டு பரப்புக் காணியை வாங்கினார்கள். நொத்தாரிசு வீட்டில் காணி உறுதி எழுதியபோது சாட்சிக்கு நானும் போனேன். நொத்தாரிசு வாசித்தார்: காணி இன்னது, எல்லை இன்னது, கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்.

“எட்டிலை ஒண்டு எண்டால் ஒரு நாளைக்கு எத்தினை வாளி, ஐயா?” என்று பூமணி அக்கா கேட்டா.

“வாளிக் கணக்கில்லை. உங்களுக்கு வேணுமெண்ட நேரம் அள்ளலாம். ஒருத்தரும் மறிக்கேலாது.”

“அதையும் எழுதியிருக்கோ?”

“ஓம். உரிமை எண்டு எழுதினால் அதுதான் கருத்து.”

“இன்னொருக்கால் வாசியுங்கோ” என்றா. அவர் வாசித்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் சண்டை நெருங்க, வலிகாமம் முழுக்க ஊரை விட்டு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். முதலாளியும் நடந்தார். அண்ணையும் அக்காவும் திரும்பி வந்தார்களா, அந்த இரண்டு பரப்பில் என்ன வைத்தார்கள் என்பதெல்லாம் வேறு கதை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் இருந்து ஒன்று சொல்லலாம். அளவு சரியா என்று பாருங்கள், அது கட்டாயம். அதோடு, எழுதுவதற்கு முன்னால் இந்தக் கடுதாசி யார் கைக்குப் போகப் போகிறது என்றும் பாருங்கள். நான் எழுதிய சரியான நம்பர்கள் எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தன. பிழையான ஒரு நம்பர் இரண்டு பேருக்குக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு வாங்கிக் கொடுத்தது. இதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இளைப்பாறிய பிறகு, ஆராய்ச்சி செய்கிற ஒரு பிள்ளை எங்கள் பழைய பதிவேடுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புத்தூர் கிழக்கின் வரைபைக் காட்டினார். தொண்ணூற்றிரண்டு ஆடியில் ஒரு கோடு ஊசி மாதிரி மேலே எழும்பி, அடுத்த மாதமே கீழே விழுந்திருந்தது. கடல்மட்டம், நீரடி ஓட்டம், பாறை வெடிப்பு என்று அதற்கு ஆறு பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தார். மிக நல்ல விளக்கம். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். திருத்தவில்லை.

அந்தத் திருத்தத்தை இதில் பதிகிறேன். சரியான அளவு எண்ணூறு. இரண்டு என்னுடையது.